ரெஃபரிக்குப் பரிவட்டம்

திருச்சி ஜில்லாவில் கால்பந்து ரெஃபரிகளுக்கு மரியாதை இல்லை என்பது 1957ஆம் வருஷம் நவம்பர் மாதம் வரைக்கும் யாருக்கும் தெரியாமல் இருந்தது. ரெஃபரிகளுக்கு மட்டும் தெரியும். அவர்களை யாரும் கேட்பதில்லை.

அந்த மாதம் ஒரு மேட்சில், பெனால்டி கொடுத்த கோபத்தில் ஒரு கோல்கீப்பர், ரெஃபரி சின்னையாவின் கழுத்திலிருந்து விசிலைப் பிடுங்கி உய்யக்கொண்டான் வாய்க்காலில் எறிந்துவிட்டான். சின்னையா லால்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஆள் குள்ளம், பிடிவாதம் உயரம். வாய்க்காலில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் துழாவி விசிலை எடுத்து, சொட்டச் சொட்ட மைதானத்துக்குத் திரும்பி, அதே பெனால்டியை மறுபடியும் ஊதினார். 'இந்த மனுஷன் விடமாட்டான்' என்று கோல்கீப்பரும் போய்க் கம்பத்துக்கு நடுவில் நின்றுகொண்டான். ஆட்டம் முடிந்து இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடித்தார்கள்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் பேப்பரில் நாலு வரி வந்துவிட்டது. பேப்பரில் வந்துவிட்டால் நம் ஊரில் அதற்கு ஒரு சபை ஏற்பட்டே தீரும். 'ரெஃபரி மரியாதைப் பரிபாலன சபை' பதினைந்து நாளில் ஏற்பட்டது.

சபைக்குத் தலைவர், ரிடையர்டு டெபுடி கலெக்டர் அழகிரி. கால்பந்தில் அவருக்கு இருந்த அனுபவம், சர்வீஸில் இருக்கும்போது கலவரம் வரலாம் என்று ஒரு மேட்சைத் தடை செய்தது. காரியதரிசி, ஸ்ரீரங்கம் உத்திர வீதி செல்லப்பிள்ளை ஐயங்கார். எந்த உற்சவத்தில் யாருக்கு முதல் மாலை, யாருக்கு இரண்டாவது, யார் முன்னால் நடக்கலாம், யார் பின்னால் நடந்தே ஆகவேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். பந்து உருண்டையாக இருக்கும் என்பதுவரை அவருக்கும் தெரியும்.

ஆரம்பக் கூட்டத்தில் பதினாறு பேர் பேசினார்கள். சின்னையாவையும் அழைத்திருந்தார்கள். மேடையில் இருந்த நாற்காலிகள் பேச்சாளர்களுக்கே போதாததால் அவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"இருபத்தெட்டு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் நான்" என்று தலைவர் அழகிரி முழங்கினார். "எத்தனையோ தப்பான உத்தரவு போட்டிருக்கேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன், என்னை எதுத்துப் பேசினது உண்டா? அந்த நிலைமை நம்ம ரெஃபரிக்கும் வரணும். அதுவரைக்கும் இந்தச் சபை ஓயாது!"

கைதட்டல் அடங்கியதும் சின்னையா கதவோரத்திலிருந்து கையைத் தூக்கினார். "சார், எனக்கு ஒரு புது விசில் வாங்கிக் குடுத்தாப் போதும். தண்ணில விழுந்ததுலேருந்து இது சளி புடிச்ச மாதிரி கத்துது."

"இது மரியாதையைப் பத்தின கூட்டம். யாருய்யா அது குறுக்க பேசறது?" என்றார் தலைவர்.

ஐயங்கார் எழுந்தார். "மரியாதைன்னா அதுக்கு ஒரு க்ரமம் வேணும். க்ரமம் இல்லாத மரியாதை, உப்பில்லாத புளியோதரை. அதை அடியேன் பார்த்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்டும் விட்டார். தை மாதம் சீசன் தொடங்குவதற்குள் 'மரியாதை க்ரமம்' என்ற புத்தகம் நாற்பத்திரண்டு விதிகளோடு அச்சாகி வந்தது.

இந்த இடத்தில் குத்புதீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொள்ளிடம் நூற்பாலை டீமின் சென்டர் பார்வர்ட் அவன். அந்தக் காலத்து மில்காரர்கள் ஆட்டக்காரனை ஆட்டக்காரன் என்று சொல்லி வேலைக்கு வைப்பதில்லை. ஸ்டோர்ஸ் அட்டெண்டர், டைம் ஆபீஸ் பியூன் என்று ஏதாவது ஒரு பேரை எழுதிக்கொண்டு பந்து ஆட அனுப்புவார்கள். குத்புதீன் நாலு வருஷமாக டெம்பரரி அட்டெண்டர். ஸ்டோர்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் தெரியும். பர்மனென்ட் ஆகிவிட்டால் மில் லைனில் ஒரு வீடு கிடைக்கும். அந்த வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் உண்டு. அவன் மனைவி நசீரா, தினமும் பாலக்கரை பம்படியில் குடத்தோடும் பத்துப் பெண்களோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

மில் மானேஜர் குத்புதீனைக் கூப்பிட்டு ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். ஆட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் சபை கொடுத்த 'மரியாதைப் புத்தகம்' அது. ரெஃபரியை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் சபையின் மேற்பார்வையாளர் அதில் ஒரு சிவப்புக் கோடு போடுவார். மூன்று கோடு விழுந்தால் ஒரு வருஷம் ஆட முடியாது.

"சபைத் தலைவர் நம்ம முதலாளிக்கு வேண்டியவர். சீசன் முடியிறப்போ உன் புத்தகம் வெள்ளையா இருக்கணும். இருந்தா பர்மனென்ட். ஒரு கோடு விழுந்தாலும் என்கிட்ட வந்து நிக்காதே" என்றார் மானேஜர்.

குத்புதீனுக்குக் கால் வேகம், வாய் அதைவிட வேகம். ரெஃபரி ஊதி முடிப்பதற்குள் "ஐயா, அது எப்படிங்க ஃபவுலு?" என்று கேட்டுவிடுகிற பிறவி அவன். கேட்கவில்லை என்றால் அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்காது.

நசீரா ஒரு வழி கண்டுபிடித்தாள். எலுமிச்சம்பழம் பருமனுக்கு ஒரு கல்கண்டுக் கட்டியை அவன் வாயில் திணித்தாள். "இது கரையிற வரைக்கும் பேசாதீங்க. கரைஞ்சா இன்னொண்ணு ஜோப்புல வச்சிருக்கேன்" என்றாள். அந்த சீசன் முழுக்கக் குத்புதீன் ஒரு கன்னம் வீங்கித்தான் ஆடினான். பல்வலியோடு ஆடுகிறான், பாவம் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

முதல் மேட்சு சாயங்காலம் நாலரைக்கு. நாலரைக்கு நாதஸ்வரம் ஆரம்பித்தது. சின்னையாவை மேளதாளத்தோடு அழைத்துவந்து, தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டி, முழங்கால்வரை தொங்குகிற மாலை போட்டு, கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். எலுமிச்சம்பழத்தை எங்கே வைத்துக்கொண்டு விசில் ஊதுவது என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு இருபத்திரண்டு ஆட்டக்காரர்களும் வரிசையாக வந்து அவர் முன் குனிந்து வணங்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் வந்தது.

"நாங்க குனியறது படைச்சவனுக்கு மட்டும்தாங்க" என்றான் ஜமால். உறையூர் சுருட்டுக் கம்பெனி டீமின் கோல்கீப்பர் அவன். விசிலை வாய்க்காலில் எறிந்த மகானும் அவனே.

உடனே ஒரு உட்கமிட்டி கூடியது. அரை மணி நேர ஆலோசனைக்குப் பிறகு, ஆட்சேபணை உள்ளவர்கள் தலையைக் குனியாமல் முழங்காலை மட்டும் மடக்கலாம் என்று முடிவாயிற்று. குத்புதீனும் ஜமாலும் அப்படியே செய்தார்கள். இல்லாத ஸ்டூலைத் தேடி உட்காரப் போகிறவர்கள் போல இருந்தது.

அடுத்தது லைன்ஸ்மேன்கள். முதல் மரியாதை ரெஃபரிக்கு. இரண்டாவது மரியாதை வலது பக்க லைன்ஸ்மேனுக்கா, இடது பக்க லைன்ஸ்மேனுக்கா? "எனக்குத்தான் ரெண்டாவது, இல்லேன்னா கொடியைக் கீழே போட்டுட்டு வீட்டுக்குப் போறேன்" என்று இரண்டு பேரும் சொன்னார்கள். பாதி நேரம் ஆனதும் டீம்கள் பக்கம் மாறிக்கொள்ளும் என்பதை யாரோ ஐயங்காரிடம் சொல்ல, "அப்போ வலது எது, இடது எது?" என்று அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பந்துக்கு ஏதாவது மரியாதை உண்டா என்றும் ஒருவர் கேட்டார். "உதைபடற வஸ்துவுக்கு க்ரமத்துல இடமில்லே" என்று ஐயங்கார் தீர்த்துச் சொன்னார். ஆறேகாலுக்கு ஆட்டம் ஆரம்பித்து, ஆறரைக்கு இருட்டிவிட்டதால் முடிந்தது.

அடுத்தடுத்த மேட்சுகளில் க்ரமம் நன்றாகப் படிந்தது. விசில் ஊதினால் எல்லாரும் நின்ற இடத்தில் கைகூப்பி, "தீர்ப்பு சரி, ஐயா" என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். யாருக்கு எதிராக ஃபவுல் கொடுக்கப்பட்டதோ அவன் தனியாக இரண்டாம் முறை சொல்ல வேண்டும். பதினேழாம் விதிப்படி யாரும் ரெஃபரிக்கு முதுகு காட்டக்கூடாது. அதனால் பாதிப்பேர் பின்பக்கமாக ஓடி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். லைன்ஸ்மேன்கள் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ரெஃபரியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தொண்ணூறு நிமிஷ ஆட்டத்தில் பந்து உருண்டது பதினொரு நிமிஷம்தான். மணப்பாறை முறுக்கு விற்றவர்களுக்கு மட்டும் நல்ல வியாபாரம்.

இதற்குள் தலைவர் அழகிரிக்கு இன்னொரு குறை கண்ணில் பட்டது. ரெஃபரி ஓடுகிறார்!

"என்னங்க இது, அரைக்கால் சட்டையைப் போட்டுக்கிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடறாரு? கலெக்டர் ஓடி நீங்க பாத்திருக்கீங்களா? ஜட்ஜு ஓடிப் பாத்திருக்கீங்களா? ஓடறது கக்ஷிக்காரன் வேலை" என்றார்.

"சார், பந்து எங்க போவுதோ அங்க நான் இருந்தாத்தானே சார் தெரியும்?" என்றார் சின்னையா.

"தெரிஞ்சுக்கிட்டுத் தீர்ப்பு சொல்றது யாரும் செய்யறதுதான். தெரியாமலே சொல்லி, அதை எல்லாரும் ஒத்துக்கணும். அதுக்குப் பேருதான் மரியாதை."

அன்று முதல் மைதானத்தின் நடுக்கோட்டு ஓரத்தில் ஒரு சிம்மாசன நாற்காலி வந்தது. சின்னையாவை அதில் உட்காரவைத்து, சரிகைக் குடை பிடிக்க ஓர் ஆளையும் வைத்தார்கள். குடைக்காரர் நல்லவர். ஆனால் ஆட்டப் பிரியர். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் குடையைச் சாய்த்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார். ஆகவே பந்து எங்கே இருக்கிறதோ அந்த இடம் மட்டும் சின்னையாவுக்குத் தெரியாது. ஜனங்களின் சத்தத்தைக் கேட்டு உத்தேசமாக ஊதிக்கொண்டிருந்தார். பரிவட்டத்துக்குக் கீழே அவர் முகம் நாளுக்கு நாள் சுண்டிக்கொண்டு வந்தது. மனுஷன் இப்படிச் சீரழிவதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

பங்குனிக் கடைசியில் பைனல் வந்தது. கொள்ளிடம் நூற்பாலைக்கும் உறையூர் சுருட்டுக் கம்பெனிக்கும். குத்புதீனின் புத்தகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஜமாலின் புத்தகத்தில் இரண்டு கோடு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நசீரா இருப்பதில் பெரிய கட்டியாகப் பார்த்துக் கொடுத்தாள். "இன்னிக்கு ஒரு நாள்தாங்க. லைன் வீட்டை எட்டிப் பாத்துட்டு வந்துட்டேன். குழாயத் திருப்பினா ஜோன்னு கொட்டுது" என்றாள்.

கடைசி நிமிஷம் வரைக்கும் கோல் இல்லை. அப்போது நூற்பாலைக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து வளைந்து வந்தது. குத்புதீன் எம்பினான். தலைக்கு நாலு விரல் உயரத்தில் பந்து தப்பிப் போயிற்று. அவனை அறியாமல் கை மேலே போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டது. பந்து வலைக்குள் விழுந்தது.

ஜனங்கள் கத்தினார்கள். குடைக்குள்ளிருந்து சளி பிடித்த விசில் கேட்டது. கோல்!

ஜமால் கண்ணெதிரே பார்த்தவன். வாயைத் திறந்தான். மேற்பார்வையாளர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஜமால் வாயை மூடிக்கொண்டான். மூன்றாவது கோடு விழுந்தால் ஒரு வருஷம் ஆட முடியாது; ஆடாதவனை அவன் கம்பெனி வேலையில் வைத்துக்கொள்ளாது. நாற்காலிக்கு முன்னால் வந்து முழங்காலை மடக்கி, கைகூப்பி, "தீர்ப்பு சரி, ஐயா" என்றான். எதிர்த்து நின்று விசிலைப் பிடுங்குகிற ஆள், ஆறடி உயரம், உதடு துடிக்க அதைச் சொன்னான். "ரெண்டாம் வாட்டி சொல்லு" என்றார் மேற்பார்வையாளர். "தீர்ப்பு சரி, ஐயா" என்றபோது ஜமால் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது.

குத்புதீனுக்கு அதைப் பார்க்க அவமானமாக இருந்தது. மில், லைன் வீடு, குழாய் எல்லாம் மனசில் ஒரு சுற்று வந்தன. பிறகு கல்கண்டைத் துப்பினான்.

"ஐயா, அது கோல் இல்லீங்க. கையால தட்டிட்டேன்."

சின்னையா குடையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார். "பட்டுச்சா, தட்டினியா?"

"தட்டினேங்க."

சின்னையா எழுந்தார். மாலையைக் கழற்றிக் குடைக்காரர் கழுத்தில் போட்டார். பரிவட்டத்தை அவிழ்த்து நாற்காலியில் வைத்தார். அந்த சீசனில் முதல் தடவையாக ஓடினார். கோல் வாய்வரை ஓடி, விசிலை ஊதி, கோல் இல்லை, சுருட்டுக் கம்பெனிக்கு ஃப்ரீ கிக் என்று கையைக் காட்டினார். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. ஜமால் குத்புதீனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

மைக்கில் தலைவர் அழகிரியின் குரல் வந்தது. "ஆட்டம் நிறுத்தப்படுகிறது. நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை."

விசாரணையில் முதலில் குத்புதீனை நிறுத்தினார்கள்.

"ரெஃபரி கோல் குடுத்தாரா இல்லியா?" என்று கேட்டார் தலைவர்.

"குடுத்தாருங்க."

"நீ கோல் இல்லேன்னு சொன்னியா?"

"ஆமாங்க, கையால..."

"கை, கால் எல்லாம் டாக்டர் சமாசாரம். ரெஃபரி சொன்னதை மறுத்தியா, இல்லியா? அத்தனை ஜனங்க முன்னால மறுத்திருக்கே. உண்மையைச் சொன்னேங்கிறே. உண்மை எந்த மைதானத்துலயும் கிடக்கும்ப்பா. மரியாதையை நாங்க எவ்வளவு சிரமப்பட்டுக் கொண்டாந்திருக்கோம் தெரியுமா?"

சின்னையாவால் பொறுக்க முடியவில்லை. "சார், அவன் சொன்னது நெசம். குடை மறைச்சிடுச்சு. நான்தான் தப்பா ஊதிட்டேன்" என்றார்.

ஐயங்கார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அபசாரம், அபசாரம்! ரெஃபரி தப்புப் பண்ணிட்டார்னு வாய் கூசாமச் சொல்றாரே!"

"நான்தான் சாமி ரெஃபரி."

"அதனாலதான் குத்தம் இன்னும் பெரிசாப் போச்சு" என்றார் தலைவர். "வெளியாள் சொன்னாலாவது தெரியாமச் சொல்லிட்டான்னு விடலாம். ரெஃபரியை நல்லாத் தெரிஞ்ச நீங்களே அவரை இப்படிப் பேசலாமா?"

அங்கேயே சின்னையாவுக்குப் புதிதாக ஒரு மரியாதைப் புத்தகம் போட்டு, அதில் மூன்று சிவப்புக் கோட்டையும் ஒரே தடவையில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வருஷத் தடை. அதோடு ரெஃபரியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. ரெஃபரியே இவராக இருப்பதால் எப்படிக் கேட்பது என்று எல்லாரும் விழித்தபோது, ஐயங்கார்தான் வழி சொன்னார். நாற்காலியைக் கொண்டுவந்து, அதற்குப் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு வைத்தார்கள். லால்குடி பாசஞ்சருக்கு நேரமாகிவிட்டதால் சின்னையா மறுபேச்சில்லாமல் நாற்காலிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கோல் செல்லும் என்றும், கொள்ளிடம் நூற்பாலை ஜெயித்தது என்றும் தீர்ப்பு. குத்புதீனுக்கும் மூன்று கோடு. தப்பான தீர்ப்பைக் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டதற்காக ஜமாலுக்கு 'உத்தம விளையாட்டு வீரர்' வெள்ளிக் கப்பு. கிளம்புகிற சமயத்தில் ஐயங்கார் நாற்காலியை ஒருதரம் சுற்றிவந்து, "இது நன்னா இருக்கே. ஓடாது, தீர்ப்பை மாத்தாது. அடுத்த சீசனுக்கு இதுவே போறாதோ?" என்றார். அதை ஆராய ஒரு உட்கமிட்டி போடப்பட்டது.

மில் மானேஜர் குத்புதீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஜெயிச்சுக் குடுத்தது உன் கோல்தான். ஆனா கோடு கோடுதான்ப்பா. டெம்பரரியாவே இரு, அடுத்த வருஷம் பாக்கலாம்."

குத்புதீன் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். நசீராவுக்கு அழுகை வந்தது; அழவும் செய்தாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு குடத்தை எடுத்தாள்.

"அந்தக் குழாய்த் தண்ணில மூஞ்சி, கை, கால் கழுவி ஒளு செஞ்சா தொழுகையில மனசு நிக்குமாங்க? விடுங்க" என்று சொல்லிவிட்டுப் பம்படிக்குப் போனாள்.

சித்திரையில் காவேரி வற்றி, ஓடத்துறைப் பக்கம் மணல் விரிந்து கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, இரண்டு டீம் ஆட்டக்காரர்களும் தாங்களாகவே அங்கே கூடினார்கள். கோல் கம்பங்களுக்குப் பதிலாக மூன்று இடத்தில் செருப்புக் குவியல், நாலாவது இடத்தில் ஜமாலின் வெள்ளிக் கப்பு. லால்குடியிலிருந்து சின்னையாவுக்கு ஆள் போயிருந்தது. பனியனும் அரைக்கால் சட்டையுமாக வந்து இறங்கினார். ஊதினார். ஓடினார்.

பத்தாவது நிமிஷத்தில் குத்புதீன், பந்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஜமாலைத் தோளால் இடித்து மணலில் தள்ளினான். விசில் கேட்டது.

"ஐயா, இது எப்படிங்க ஃபவுலு? கண்ணை லால்குடிலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று குத்புதீன் கத்தினான். நாலு மாசத்துக் கத்தல் அது. அக்கரையில் துணி துவைத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சின்னையா அவன் மார்பு உயரத்துக்கு வந்து நின்றார். கையை நீட்டிக் காட்டினார். "வெளிய போ."

அங்கே மேற்பார்வையாளர் இல்லை, பென்சில் இல்லை, கோடு இல்லை. போகவில்லை என்றால் கேட்க ஆளே இல்லை. குத்புதீன் ஒரு வார்த்தை பேசாமல் நடந்துபோய் மணல் ஓரத்தில் உட்கார்ந்தான்.

ஆட்டம் முடிந்ததும் சின்னையா வந்து பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "ஃபவுல்தானே?"

"ஃபவுல்தாங்க."

"அப்புறம் ஏன் கத்தினே?"

"கத்தணும்போல இருந்துச்சுங்க."

"கத்தினது நல்லா இருந்துச்சுய்யா. ஒரு சீசன் பூரா ஒருத்தனும் என்கிட்ட மனுஷனாப் பேசல" என்றார் சின்னையா. காலில் ஒட்டின மணலைத் தட்டிவிட்டு, "ஆனா அதுக்காக விட முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமையும் நீ வெளியதான்" என்றார்.

"சரிங்க ஐயா" என்றான் குத்புதீன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து, வெயிலில், மணல் ஓரத்தில் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.